கிடாய்க்குச் சலம் தடைப்பட்டால்…

ஆனையிறவு வெளியில் சோளகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மனிதருக்கும் ஆடு மாடுகளுக்கும் தண்ணீர் பெரும்பாடு. அப்படியான ஒரு கோடைக்காலத்துக் காலைப்பொழுதில்தான் பரந்தன் பக்கமிருந்து ஒரு அக்கா தன் கிடாயை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் வந்தார். கணவனைப் போரில் இழந்தவர். மூன்று பிள்ளைகள். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரண்டு மறியாடுகளில் தொடங்கி, கொட்டிலைப் பதினொரு உருப்படிகள் வரை பெருக்கியவர். அந்தக் கிடாயைத் தீபாவளிக்கு விற்று மூத்தவளை உயர்தர வகுப்பில் சேர்ப்பதென்று கணக்குப் போட்டிருந்தார்.

"முந்தநாள் தொடக்கம் தின்னுதில்லை டொக்டர். முக்கிக்கொண்டே நிக்குது. மலச்சிக்கல் எண்டு நினைச்சு நல்லெண்ணெய் பருக்கினனான்."

"புழுக்கை போகுதோ?"

"அது போகுது."

"சலம் போனதைப் பாத்தனீங்களோ?"

அக்கா சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு மெல்லிய குரலில், "அதை நான் கவனிக்கேல்லை" என்றார்.

வைத்தியர் கிடாயின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வயிறு இருபுறமும் தொங்கி, உள்ளே தண்ணீர் தளும்புவது போலிருந்தது. சலப்பை ஏற்கெனவே வெடித்துவிட்டது. அன்று மாலையே கிடாய் இறந்துபோனது.

"முதல் நாளே கொண்டு வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம்" என்று வைத்தியர் சொன்ன வார்த்தையே அந்த அக்காவுக்கு ஆட்டின் இழப்பைவிடக் கூடிய வேதனையைக் கொடுத்தது. அந்த வேதனை இன்னொரு சகோதரிக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சலக்கல் என்பது என்ன?

உடலுக்குத் தேவையற்ற உப்புக்களையும் கனிப்பொருள்களையும் சிறுநீரகங்கள் வடித்துச் சலத்துடன் வெளியேற்றுகின்றன. சலத்தில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் இவை கரைந்து போய்விடும். தண்ணீர் குறைந்து சலம் தடிப்பாகும்போதும், உணவில் சில கனிப்பொருள்கள் அளவுக்கு மிஞ்சும்போதும் அவை கரைய முடியாமல் பளிங்குகளாகப் படிகின்றன. உப்பளப் பாத்தியில் வெயிலுக்குத் தண்ணீர் வற்ற வற்ற உப்பு விளைவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதுவேதான் சலப்பைக்குள்ளும் நடக்கிறது. முதலில் மாப்போன்ற படிவு, பிறகு மணல், பிறகு கல்.

மறியாடுகளுக்கும் இந்தப் படிவு உண்டாகலாம். ஆனால் அவற்றின் சலக்குழாய் குறுகிய தூரமும் அகன்ற வாயும் கொண்டது. சிறு கற்கள் வந்தாலும் பெரும்பாலும் வெளியே போய்விடும். கிடாயின் சலக்குழாயோ நீளமானது, ஒடுக்கமானது, நடுவில் பாம்பு நெளிந்தது போல ஒரு வளைவும் கொண்டது. ஆணுறுப்பின் நுனியிலோ மண்புழு போன்ற மெல்லிய குழல் ஒன்று நீண்டிருக்கும். கல் வந்து சிக்குவது பெரும்பாலும் இந்த நுனிக் குழலில் அல்லது அந்த வளைவில். ஒரு மணல் பருக்கை அளவான கல்லே போதும், வழி அடைபட்டுவிடும்.

வழி அடைபட்ட பின்னும் சிறுநீரகங்கள் சலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சலப்பை பலூன் போல ஊதும். ஓரிரு நாட்களுக்குள் சலப்பையோ சலக்குழாயோ வெடிக்கும். வெடித்த உடனே நோவு குறைவதால் ஆடு சற்று அமைதியாகி நிற்கும். "சுகம் வந்துவிட்டது" என்று நாங்கள் ஆறுதல் அடைவதும் அந்த நேரத்தில்தான். உண்மையில் நிலைமை கைமீறிப் போவது அப்போதுதான். சலம் வயிற்றுக்குள் பரவி உடல் முழுவதும் நஞ்சாகும்.

எங்கள் பகுதியில் ஏன் கூடுதலான கவனம் வேண்டும்?

ஆனையிறவு, குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய தரை. இருபுறமும் உவர்நீர்க் கடலேரி. நல்ல தண்ணீர் இங்கே எப்போதும் அருமையானது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிருந்த பெரும் படைத்தளம் வீழ்ந்ததற்கு இயக்கச்சிக் கிணறுகள் கைமாறிக் குடிநீர் தடைப்பட்டதும் ஒரு காரணம். போர்க்கருவிகள் இருந்தும் தண்ணீர் இல்லாமல் நிற்க முடியாத மண் இது.

ஐப்பசி தொடக்கம் தை வரை மாரிமழை. சித்திரையின் பின்னர் மழை அரிது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்றும் கொடிய வெயிலும். கிணறுகள் வற்றும், வற்றாதவை உவர்ப்பாகும். தட்டுவன்கொட்டி, உமையாள்புரம் போன்ற ஊர்களில் ஒரு குடம் நல்ல தண்ணீரின் பெறுமதி எங்கள் பெண்களுக்குத்தான் தெரியும். பவுசர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் முதலில் குடிக்க, பிறகு சமைக்க, பிறகு பிள்ளைகளைக் குளிப்பாட்ட. ஆட்டுக்குக் கிடைப்பது கடைசியில் மிஞ்சுவதுதான்.

ஆடு தண்ணீர் விடயத்தில் மிகவும் துப்புரவு பார்க்கும் மிருகம். பாசி பிடித்த வாளி, புழுக்கை விழுந்த சட்டி, வெயிலில் சூடேறிய தண்ணீர், கடும் உவர்த் தண்ணீர் எதையும் அது விரும்பிக் குடிக்காது. "தண்ணி வைச்சிருக்கிறன்தானே" என்று நாங்கள் நினைப்போம். ஆடு வாயை நனைத்துவிட்டுப் போயிருக்கும். வைத்த தண்ணீர் எவ்வளவு என்பதல்ல, குடித்த தண்ணீர் எவ்வளவு என்பதே கணக்கு.

மற்றொரு காரணம் தவிடு. மேய்ச்சல் காய்ந்த காலத்தில் கிடாயைக் கொழுக்க வைக்க நாங்கள் தவிட்டையே நம்புகிறோம். பரந்தன், கிளிநொச்சிப் பகுதிகளில் நெல் ஆலைகள் இருப்பதால் தவிடு எளிதாகவும் கிடைக்கிறது. அரிசித் தவிட்டில் பொஸ்பரஸ் மிகக் கூட, கல்சியம் மிகக் குறைவு. ஆட்டின் மொத்த உணவில் பொஸ்பரஸ் ஒரு பங்கானால் கல்சியம் இரண்டு பங்கு இருக்கவேண்டும். தவிட்டை மட்டும் அள்ளி வைத்தால் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும். மிஞ்சிய பொஸ்பரஸ் சலத்துடன் வெளியேறும்போது மக்னீசியத்துடனும் அமோனியாவுடனும் சேர்ந்து கல்லாகிறது. கிடாய்களில் காணப்படும் கற்களில் பெரும் பங்கு இந்த வகையே.

"அப்படியானால் தவிட்டை நிறுத்தி, கிளிசரியாக் குழையையும் இப்பில் இப்பில் குழையையும் மட்டும் போடலாமா?" என்று கேட்கத் தோன்றும். அதுவும் சரியல்ல. இந்த அவரைக் குடும்பக் குழைகளில் கல்சியம் கூட. நாட்கணக்கில் அவற்றை மட்டுமே தின்றால் வேறு வகைக் கல், அதாவது கல்சியம் காபனேற்றுக் கல், உண்டாகலாம். இரண்டையும் அளவாகக் கலந்து கொடுக்கும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

நலமடிக்கும் வயது

இறைச்சிக்கு வளர்க்கும் கிடாய்க்குட்டிகளை நலமடிப்பது எங்கள் வழக்கம். சண்டை குறையும், கிடாய் மணம் குறையும், உடலும் திரளும். ஆனால் எந்த வயதில் நலமடிக்கிறோம் என்பதில் ஒரு விடயம் அடங்கியிருக்கிறது. குட்டியின் சலக்குழாய் அகன்று வளர்வதற்கு ஆண் சுரப்பு தேவை. ஒன்றிரண்டு மாதக் குட்டியிலேயே நலமடித்தால் அந்த வளர்ச்சி தடைப்பட்டு, குழாய் ஒடுக்கமாகவே நின்றுவிடும். பின்னர் சிறு கல்லும் சிக்கிக்கொள்ளும். ஆகவே நான்கு தொடக்கம் ஆறு மாதம் வரை பொறுத்திருந்து நலமடிப்பது நல்லது என்பது வைத்தியர்களின் பொதுவான கருத்து. அதுவரை கிடாய்க்குட்டிகளை மறிகளிடமிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். அல்லாவிட்டால் இளம் மறிகள் வேளைக்கு முன்பே சினைப்பட்டுவிடும். வயது கூடிய குட்டியை வீட்டில் கத்தி வைத்து நலமடிப்பது கொடுமை, ஆபத்தும்கூட. கால்நடை வைத்தியரிடமோ பயிற்சி பெற்ற கால்நடை உத்தியோகத்தரிடமோ விட்டுவிடுங்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

ஆட்டைக் காலையில் எழுப்பியதும் அது முதலில் செய்வது உடலை நீட்டி முறித்துச் சலம் விடுவதுதான். அந்த ஒரு நிமிடம் கொட்டில் வாசலில் நின்று பாருங்கள். இதைவிடச் செலவில்லாத வைத்தியப் பரிசோதனை வேறில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்றிரண்டைக் கண்டாலும் சந்தேகப்பட வேண்டும்.

கிடாய் பின்னங்கால்களை அகல வைத்து முக்கிக்கொண்டு நிற்கும், ஆனால் சலம் போகாது அல்லது சொட்டுச் சொட்டாகப் போகும். வாலை விட்டுவிட்டு ஆட்டும். முக்கும்போது கத்தும், பல்லை நறநறவென்று கடிக்கும். பின்னங்காலால் வயிற்றை உதைக்கும், அல்லது திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும். சலத்தில் இரத்தம் கலந்திருக்கும். அடிவயிற்றில் சலம் வரும் இடத்து மயிரில் வெள்ளை மணல் போல ஒட்டிக் காய்ந்திருக்கும். அந்த மயிர் நனையாமல் உலர்ந்தே இருப்பதும் ஓர் அறிகுறி. தீனி எடுக்காது, மற்ற ஆடுகளை விட்டு விலகி நிற்கும்.

முக்குவதைக் கண்டதும் மலச்சிக்கல் என்று முடிவு கட்டுவதே எங்களில் பலர் விடும் தவறு. முக்கும் கிடாயில் முதலில் பார்க்க வேண்டியது சலம். சந்தேகமாக இருந்தால் காய்ந்த சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் கிடாயைத் தனியாகக் கட்டி விடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சாக்கு நனைந்ததா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குமேல் காத்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

சலம் அடைபட்டதென்றால் அது அவசரம். பாம்பு கடித்தவரை எவ்வளவு விரைவாகக் கொண்டு போவோமோ அவ்வளவு விரைவு வேண்டும். உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். "ஆட்டுக்குச் சுகமில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "கிடாய்க்குச் சலம் போகவில்லை, இத்தனை மணி தொடக்கம்" என்று சொல்லுங்கள். வைத்தியர் அவசரத்தை விளங்கிக்கொள்வார்.

வழி அடைபட்டிருக்கும்போது தண்ணீரையோ கஞ்சியையோ வற்புறுத்திப் பருக்கக் கூடாது. போகும் வழி அடைபட்ட குடத்துக்குள் மேலும் ஊற்றுவது போலாகும். சலத்தைப் பெருக்கும் மருந்துகள், மூலிகைக் கசாயங்கள் எதையும் அந்த நேரத்தில் கொடுக்கக் கூடாது. அடிவயிற்றை அமுக்கிச் சலத்தைப் பிதுக்க முயலக் கூடாது, சலப்பை வெடித்துவிடும். ஈர்க்கு, கம்பி போன்றவற்றை உள்ளே விட்டுப் பார்ப்பது பெரும் கொடுமை. தவிட்டை நிறுத்துங்கள். நிழலில் கட்டுங்கள். அவ்வளவே எங்கள் கைக்குள்ள முதலுதவி.

கல் நுனிக் குழலில் சிக்கியிருந்தால் வைத்தியர் அந்த நுனியைக் கத்தரித்து விடுவார். சில நிமிட வேலை. கிடாய் உடனேயே சலம் விடுவதும் உண்டு. கல் மேலே சிக்கியிருந்தால் மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டிவரும். அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை, செலவும் கூட. ஒருமுறை அடைபட்ட கிடாய்க்கு மறுபடியும் அடைபடக்கூடும் என்பதால், குணமானாலும் வைத்தியருடன் பேசி அதை நீண்ட நாள் வைத்திருப்பதா என்று முடிவெடுங்கள். நோயுற்ற கிடாயை அவசரத்தில் குறைந்த விலைக்கு இறைச்சிக்குத் தள்ளிவிட வேண்டாம். சலம் உடலில் பரவிய ஆட்டின் இறைச்சி உண்ணத் தகுந்ததல்ல. மருந்து ஏற்றிய ஆட்டையும் வைத்தியர் சொல்லும் நாட்கள் கடக்கும்வரை இறைச்சிக்குக் கொடுக்கக் கூடாது.

வருமுன் காக்க

முதலாவது தண்ணீர். வளர்ந்த ஆடு ஒன்றுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 3 தொடக்கம் 5 லீற்றர் வரை தேவைப்படலாம். பால் தரும் மறிக்கு இன்னும் கூட. ஒரே தடவையில் வைக்காமல் காலை, மத்தியானம், பின்னேரம் என்று பிரித்து, வாளியைக் கழுவி, நிழலில் வையுங்கள். வாளியை நிலத்தில் வைக்காமல் சற்று உயரமாகக் கட்டினால் புழுக்கை விழாது. அரிசி கழுவிய தண்ணீரை, புளிக்காமல் அன்றன்றே கொடுத்தால் ஆடு விரும்பிக் குடிக்கும். வீட்டில் இருவகைத் தண்ணீர் இருந்தால் மிகவும் உவர்ப்பானதை ஆட்டுக்கு ஒதுக்காதீர்கள்.

இரண்டாவது உப்பு. ஆனையிறவுக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990இல் போரினால் நின்றுபோய், பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய எங்கள் உப்பளம் நாடறிந்தது. அந்த உப்பே சலக்கல்லுக்கு ஒரு காவல். தவிட்டுக் கலவையில் உப்புச் சேர்ந்தால் ஆடு தாகத்தோடு தண்ணீர் குடிக்கும், சலம் இளகும். ஒரு கிலோ கலவைக்கு 10 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி உப்பு வழமையான அளவு. கல் வரக்கூடிய கிடாய்களுக்கு இதைவிடக் கூட்டிக் கொடுக்கவும் வைத்தியர் சொல்லக்கூடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நல்ல தண்ணீர் தடையின்றிக் கிடைக்கும் கொட்டிலில்தான் உப்பு மருந்து. தண்ணீர் இல்லாத கொட்டிலில் அதுவே நஞ்சு.

மூன்றாவது குழை. கிடாயின் வயிறு முதலில் குழையாலும் புல்லாலும் நிரம்ப வேண்டும். தவிடும் புண்ணாக்கும் அதற்குமேல் ஒரு கைப்பிடியாக இருந்தால் போதும். பூவரசு, முள்முருக்கு, கிளுவை, வாதநாராயணி, பலா, ஆல் என்று மாற்றி மாற்றி ஒடித்துக் கொடுங்கள். பச்சைக் குழையிலிருந்து கிடைக்கும் விற்றமின் ஏ சத்து சலப்பையின் உட்தோலைக் காக்கும். காய்ந்த தீனியிலேயே நாட்கணக்காக நிற்கும் ஆட்டில் அந்தத் தோல் உரிந்து, அதன்மேலேயே பளிங்கு படியும். மாரியிலேயே வேலியோரம் நாலு தடி ஊன்றி வைத்தால் கோடையில் கை கொடுக்கும். கோழித்தீவனத்தை ஆட்டுக்குப் போடும் பழக்கம் வேண்டாம். அது ஆட்டின் தேவைக்குக் கணக்கிட்டுச் செய்தது அல்ல.

நவச்சாரம் எனப்படும் அமோனியம் குளோரைட்டைத் தீவனத்தில் சிறிதளவு சேர்ப்பதால் சலம் புளிப்புத்தன்மை அடைந்து, தவிட்டினால் வரும் கற்கள் உண்டாவது குறையும். இதை வைத்தியர் கிடாயின் நிறை பார்த்து அளந்து தருவார். ஈயம் ஒட்டுபவர்களிடம் வாங்கிக் கண்மட்டத்தில் போடக் கூடாது.

முயலும் கினிப்பன்றியும்

சலக்கல் ஆட்டுக்கு மட்டுமான நோயல்ல. எங்கள் பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் முயலுக்கும் இது வரும். புலம்பெயர்ந்த உறவுகளின் வீடுகளில் பிள்ளைகள் வளர்க்கும் கினிப்பன்றிக்கு இது மிகச் சாதாரணமான நோய். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டைச் சேர்ந்த அந்தச் சிறு பிராணிக்கு வருவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுக் கல். முயலும் கினிப்பன்றியும் உணவில் மிஞ்சும் கல்சியத்தைச் சலத்தின் வழியாகவே பெருமளவில் வெளியேற்றுபவை. அதனால் அவற்றின் சலம் இயல்பாகவே சற்றுக் கலங்கலாக இருக்கும். அது சுண்ணாம்புக் குழம்பு போலத் தடித்தாலோ, இரத்தம் கலந்தாலோ, சலம் விடும்போது பிராணி கீச்சிட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். கினிப்பன்றியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இது வரும். உருவாகிய கல் மருந்தால் கரையாது, பெரும்பாலும் சத்திரசிகிச்சையே வழி. புல்லும் தண்ணீரும் நிறைய, அவரைக் குடும்பத் தீனி குறைவாக என்பதே அவற்றுக்கும் காப்பு.

வெட்கம் வேண்டாம்

தொடக்கத்தில் சொன்ன அக்காவிடம் பின்னொரு நாள் பேசியபோது அவர் ஒரு உண்மையைச் சொன்னார். "அது முக்கினதைக் கண்டனான். சலம் போகேல்லையோ எண்டு ஒரு யோசனையும் வந்தது. ஆம்பிளை டொக்டரிட்டை கிடாயின்ரை அந்த இடத்தைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறது எண்டு ஒரு நாள் பேசாமல் இருந்திட்டன், தங்கச்சி."

ஒரு நாள் வெட்கத்தின் விலை ஒரு கிடாய். தனித்து நின்று குடும்பத்தைச் சுமக்கும் எங்கள் பெண்கள், வேலி அடைப்பது தொடக்கம் வங்கியில் கடன் கேட்பது வரை முன்பு ஆண்களுடையது என்றிருந்த எத்தனையோ வேலைகளை ஏற்றுச் செய்கிறார்கள். இதுவும் அவற்றில் ஒன்று. வைத்தியருக்கு அது ஒரு நோய். எங்களுக்கு அது பிள்ளையின் படிப்பு.

இந்த வெட்கம் எங்கள் சொந்த உடலிலும் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மலசலகூடம் இல்லாத வேலைத்தளங்களில் சலத்துக்குப் போக இடமில்லையே என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழிக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! சலக்கடுப்பும் எரிவும் இடுப்பு நோவும் வந்தாலும் வெளியே சொல்லாமல் இருப்போர் எத்தனை பேர்! ஆட்டுக்குச் சொன்ன அதே நியாயம் எங்களுக்கும் பொருந்தும். தண்ணீர் குறைந்தால் சலம் தடிக்கும், அடக்கி வைத்தால் கிருமி பெருகும். சலத்தில் எரிவோ இரத்தமோ கண்டால், காய்ச்சலுடன் விலா நோவு வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அக்காவின் கொட்டிலில் இப்போது வேறு கிடாய்க்குட்டிகள் நிற்கின்றன. தண்ணீர் வாளி தூணில் உயரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. விடிந்ததும் அவர் தேநீர்க் கோப்பையுடன் கொட்டில் வாசலில் வந்து நிற்கிறார். குட்டிகள் எழுந்து, உடம்பை நீட்டி, ஒவ்வொன்றாகச் சலம் விடுகின்றன. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பின்பே அவர் தன் தேநீரைக் குடிக்கத் தொடங்குகிறார்.